நீல நூல் நட்சத்திரம்

நவம்பர் 24, ஞாயிறு

கிறிஸ்து அரசர் பெருவிழா. காலைப் பூசைக்கு நான் மட்டும் போனேன். கோயில் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல். எர்த் ஒயர் கழன்றிருந்தது. மாட்டினேன்.

இது வேலையைக் குறித்துக்கொள்ளும் டைரி. எந்த வீடு, எந்த மோட்டார், என்ன பழுது என்று எழுதுவேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை என் மனைவி அமலிக்குப் பிரசவம். ஆபரேஷன். பெண் குழந்தை. பிறக்கும்போதே உயிர் இல்லை. நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை மரியநாதன் கூப்பிட்டார். எங்கள் சூசையப்பர் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை வாசலிலிருந்து குடிலுக்குக் கொண்டுபோவது அந்த வருடம் தலைப்பிள்ளை பெற்றவர்கள். பலர் இருந்தால் கடைசியாகப் பெற்றவர்கள். தாய் சுரூபத்தை ஏந்தி வருவாள், தகப்பன் மெழுகுதிரியோடு பக்கத்தில் நடப்பான். சுரூபத்தைச் சுற்றியிருக்கும் துணி அவர்கள் பிள்ளைக்கென்று தைத்த துணியாக இருக்க வேண்டும். இந்த வருடம் எங்கள் பெயரை, கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் சவரிநாதன் அக்டோபரிலேயே சொல்லியிருந்தார்.

கில்பர்ட்டையும் ஸ்டெல்லாவையும் வைத்துக்கொள்ளலாமா, அதுதான் உங்கள் இருவருக்கும் நல்லது என்றார் ஃபாதர். அவர்கள் பையன் செப்டம்பரில் பிறந்தவன். சரி என்றேன். அமலியிடம் கேட்டாயா என்று அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாலையில் அத்தை, அமலியின் அம்மா, மல்லிகைப் பூ வாங்கி வரச் சொன்னார். கட்டின பூ வேண்டாம், உதிரி வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"பால் கட்டிக்கிட்டு வலி பொறுக்க மாட்டேங்குறா மாப்ள. பூவ வச்சுக் கட்டுனா வத்திரும்."

பனி இறங்கிவிட்டால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மல்லிகை வரத்துக் குறைந்துவிடும். கடை கடையாக ஏறி வாங்கினேன். கடைக்காரர் வீட்டில் விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 27, புதன்

பேகம்பூரில் ஒரு வீட்டில் மோட்டார் காயில் கருகிவிட்டது. கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். பூ மறுபடியும் வாங்கினேன். வேறு கடையில்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு. பீடத்தின் ஓரத்தில் பசுந்தழை வளையம் வைத்து முதல் ஊதா மெழுகுதிரியை ஏற்றினார்கள். இது காத்திருக்கும் காலம், வருகிறவருக்காக விளக்கை அணையாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஃபாதர் பிரசங்கம் செய்தார். "விளக்கு அணையாம இருக்கிறது ஒன் கையிலதான இருக்கு, ஃபியூஸ் கட்டைய ஒழுங்கா மாட்டு," என்று உபதேசியார் என் காதில் சொன்னார். என்னைச் சீண்டாமல் அவருக்குப் பூசை நிறையாது. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான் சீண்டினார்.

வெளியே வந்ததும் அவருடைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏறச் சொன்னார். நடந்தே போய்க்கொள்கிறேன் என்றேன். போன மாதம் வரை அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து எங்கெல்லாமோ போயிருக்கிறேன். அவர் வற்புறுத்தவில்லை.

வீட்டில் அமலி பீரோவைத் திறந்து எல்லாத் துணியையும் கட்டிலில் போட்டிருந்தாள். தையல் போட்ட வயிறு, குனியக் கூடாது என்று அத்தை சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளத் துணியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

எட்டாம் மாதத்தில் அவள் தைத்தது. மெல்லிய மல் துணி. நான்கு ஓரமும் கையால் மடித்துத் தைத்து, ஒரு மூலையில் நீல நூலால் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். ஒரு முனை மட்டும் கோணலாகப் போய்விட்டது. பிரித்துத் தைக்கச் சொன்னேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். சுரூபத்துக்கும் அதுதான், பிறகு ஞானஸ்நானத்துக்கும் அதுதான் என்று தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

பார்க்கவில்லை என்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

தெருவில் எல்லா வீட்டிலும் ஸ்டார் போட்டுவிட்டார்கள். பாதி வீட்டுக்கு நான்தான் ஒயர் இழுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் போட மாட்டோம், பலகாரம் சுட மாட்டோம். ஆனால் இது சாவு வீடா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் கோயில் மணி அடிக்கவில்லை, பூசை வைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வருவதா வேண்டாமா என்று தெரியாமல் தெருவில் எல்லோரும் என்னைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அத்தை இந்த வருடம் வேண்டாம் என்றார். அமலி படுத்தபடியே சொன்னாள்: "செத்தது யாருன்னு கேட்டா பேரு சொல்லுவீங்களா? பேரே இல்லேல்ல. அப்ப யாரும் சாகல. ஸ்டார் போடுங்க."

போட்டேன்.

பெயரைப் பற்றி அவள் சொன்னதும் அக்டோபர் ஞாபகம் வந்தது. ஆண் என்றால் சூசை என்று இருவருக்கும் சம்மதம். பெண் என்றால்தான் சண்டை. எனக்கு என் அம்மா பெயர், ரீட்டா. அவளுக்குச் செலின். "ரீட்டான்னு கூப்பிட்டா ஒங்கம்மா வந்து என்னன்னு கேக்கும், எனக்குப் பயமா இருக்கு," என்று கேலி செய்வாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிறந்த பிறகு முகத்தைப் பார்த்து முடிவு செய்வோம் என்று சண்டையைத் தள்ளி வைத்தோம்.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டாவது மெழுகுதிரி. மதியத்துக்கு மேல் கோயிலில் குடில் வேலை தொடங்கியது. இளைஞர் குழு மூங்கிலும் வைக்கோலும் கொண்டுவந்தது. புல்லுக்காகத் தட்டுகளில் கேழ்வரகு விதைத்திருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்குள் வளர்ந்துவிடும். எனக்கு வழக்கமான வேலை: சீரியல் பல்பு, குடிலுக்குள் மஞ்சள் வெளிச்சம், சூசையப்பர் கையில் இருக்கும் லாந்தருக்குள் சின்ன பல்பு. எல்லாவற்றுக்கும் தனித்தனி சுவிட்ச்.

உபதேசியார் குழந்தை இயேசு சுரூபத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பெட்டியைத் துடைக்க வேண்டும், கொஞ்சம் பிடி என்று என்னிடம் நீட்டினார். வெளியே ஒயரை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒயர் என் தோளில்தான் கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். அமலியும் அவளும் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடுகிறவர்கள். காப்பி குடித்த பிறகு சொன்னாள், ஃபாதர் தங்களைத் தூக்கச் சொல்லியிருக்கிறார், அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனது ஒப்பவில்லை என்று. அமலி அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது.

அமலி முகம் மாறவில்லை. சுரூபத்துக்குத் தலைப் பக்கம்தான் கனம், அங்கே கை கொடுத்துப் பிடி என்று சொல்லிக் கொடுத்தாள். பையனை ஏன் தூக்கி வரவில்லை என்று கேட்டாள். தூங்குகிறான் என்றாள் ஸ்டெல்லா. நான் பால் வாங்க வெளியே வந்தபோது தெருமுனையில் கில்பர்ட் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துண்டை இழுத்துப் பையனை மூடினார். பையன் அதை உதைத்துத் தள்ளினான்.

ஸ்டெல்லா போன பிறகு அமலி கேட்டாள். "என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

"எனக்குக் கஷ்டம்னு எல்லாரும் எனக்குப் பதிலா முடிவு பண்ணிர்றீங்க. ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் பண்ணீங்க."

மயக்கம் தெளியாமல் அவள் கிடந்தபோது, பார்த்தால் மறக்க முடியாது, காட்டாதீர்கள் என்று அத்தையும் மற்றப் பெண்களும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அவள் கண் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தது. டிரம் சத்தம் கேட்டதும் அமலி வாசலில் போய் நின்றாள். எதிர் வரிசையில் பாடினார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் யாரோ கையைக் காட்ட, டிரம் நின்றது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன்கூட முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஸ்டாரைப் பார்க்காத மாதிரி கடந்தான். நான்கு வீடு தாண்டித்தான் மறுபடி அடித்தார்கள்.

அவர்கள் செய்தது மரியாதை. எனக்கு அது தெரிகிறது. அமலி கதவைச் சாத்தினாள்.

பேகம்பூர் மோட்டார் இன்னும் முடியவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு, மகிழ்ச்சியின் ஞாயிறு. இன்று மட்டும் ரோஜா நிற மெழுகுதிரி.

பூசைக்கு வருகிறேன் என்றாள் அமலி. நாற்பது நாள் ஆகவில்லை என்று அத்தை தடுத்தார். அமலி சேலை கட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். கோயிலில் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், தேவைக்கு அதிகமாக. அவள் பெஞ்சில் இருபுறமும் யாரும் இல்லை.

முடிந்ததும் நேராகப் பீடத்துக்குப் பின்னால் உடை மாற்றும் அறைக்கு, சக்ரீஸ்துக்குப் போனாள். ஃபாதர் பூசை உடையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் அன்று நாங்கள்தான் தூக்குவோம் என்றாள். கேட்பது போல் இல்லை, சொல்வது போல் இருந்தது. ஃபாதர் கில்பர்ட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதைச் சொன்னார். பிறகு தயங்கி, வழக்கம் பிள்ளை பெற்றவர்களுக்குத்தானே என்றார்.

"நானும் பெத்தவதான் ஃபாதர். பெத்தேன், தூக்கல. அவ்வளவுதான்."

ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கில்பர்ட் வீட்டிலும் பங்குப் பேரவையிலும் பேசுவதாகச் சொன்னார். துணி இருக்கிறதா என்று கேட்டார்.

"தேடிக்கிட்டிருக்கேன் ஃபாதர்," என்றாள்.

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பேரிங் தேய்ந்திருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

அமலி பரணில் இருந்ததை எல்லாம் இறக்கச் செய்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால், தையல் மெஷின் இழுப்பறை, என் டூல்ஸ் பை, எல்லாவற்றிலும் தேடினாள். ஒரு இடத்தைத் தேடி முடித்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறாள். பிறகு அடுத்த இடம். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நல்லதுக்கு இல்லை மாப்பிள்ளை, கடையில் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று கண்ணைத் துடைத்தார்.

அது வீட்டில் இல்லை. எத்தனை தேடினாலும் கிடைக்காது. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜவுளிக் கடையில் அதே மாதிரி மல் துணி வாங்கினேன். மெஷினில் பூவேலை போடும் தையற்கடையில் கொடுத்து, பில்லின் பின்பக்கத்தில் நட்சத்திரம் வரைந்து காட்டினேன். ஒரு முனை கோணலாக இருக்கே, நேராகப் போட்டுவிடவா என்று டெய்லர் கேட்டார்.

கோணலாகத்தான் வேண்டும் என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலையில் துணி தயாராகிவிட்டது. ஒரு தடவை அலசி, உலர்த்தி, கசக்கி எடுத்துக்கொண்டு போனேன். அமலி அடுப்படியில் இருந்தாள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று சொல்லி நீட்டினேன்.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். துணியை வாங்கக் கை நீட்டவில்லை. நான்தான் மடியில் வைத்தேன். வெகுநேரம் கழித்து மூலையைத் தேடி எடுத்தாள், நட்சத்திரத்தைப் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"இது என் தையல் இல்ல. நான் பின்னால முடிச்சுப் போடுவேன். இது மெஷினு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அப்ப அது வீட்ல இல்ல," என்றாள். அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில் அப்பாடா என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மூணு வாரமா எதுக்குத் தேடுறேன்னு நெனச்சீங்க? அது வீட்ல இருந்துறக் கூடாதுன்னுதான் தேடுனேன். பக்கத்துப் பெட்டுக்காரி சொன்னா, உசுரு இல்லாமப் பொறந்ததக் குப்பைப் பையில சுத்தித்தான் குடுப்பாங்கன்னு. உங்ககிட்ட கேக்கப் பயம். துணி இல்லேன்னா அது அவகூடப் போயிருக்கு. இருந்துச்சுன்னா எம்பிள்ள வெறுமனே போயிருச்சு. நீங்க கொண்டாந்து நீட்டுனதும் எனக்கு மூச்சே நின்னுருச்சு."

பிறகு கேட்டாள்: "அவகூடத்தான போச்சு?"

ஆமாம் என்றேன். சொன்னேன்.

நர்ஸ் துணி கேட்டார். ஆஸ்பத்திரிப் பையில் பிறந்த குழந்தைக்கென்று அத்தை கிழித்து வைத்த பழைய வேட்டித் துணிதான் இருந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அதுதான் மெத்தென்று இருக்கும். அன்றைக்கு அதில் சுற்ற மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து அந்த வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். நட்சத்திரம் மேலே வரும்படி சுற்றினேன். உபதேசியார் வண்டியை எடுத்தார். நான் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெதுவாகப் போங்கள், பள்ளம் பார்த்துப் போங்கள் என்று கல்லறை வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரும் பள்ளம் பார்த்துத்தான் ஓட்டினார்.

அமலி ஒவ்வொன்றாகக் கேட்டாள். முடி இருந்ததா. கண் திறந்திருந்ததா. விரல் எப்படி. காது அவளுடைய காது என்று சொன்னேன். மற்றவற்றை இங்கே எழுதவில்லை. அவளுக்குச் சொல்லியாகிவிட்டது.

அத்தை அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து அமலி பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு முன்னால எனக்கு ஒண்ணு போச்சுடி. என்னையும் பாக்க விடல. அதான் நல்லதுன்னு நானும் நம்பிக்கிட்டேன்," என்றார்.

அமலிக்கு முப்பது வயது. இன்றுதான் இதைக் கேட்கிறாள்.

டிசம்பர் 20, வெள்ளி

அமலி டெய்லர் போட்ட நட்சத்திரத்தை ஊசியால் பிரித்து எடுத்துவிட்டாள். அதே இடத்தில் நீல நூலால் தன் கையால் போட்டாள். கோணலாகத்தான் வந்தது. வேண்டுமென்றே செய்தாளா, அவளுக்கு அப்படித்தான் வருமா, தெரியாது.

பேகம்பூர் மோட்டார் முடிந்தது. கொண்டுபோய் மாட்டினேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

நான்காவது மெழுகுதிரி, அன்பின் மெழுகுதிரி. வளையம் நிறைந்துவிட்டது.

பூசைக்குப் பிறகு பங்குப் பேரவை கூடியது. வெளியே நின்ற எனக்குப் பாதிதான் கேட்டது, மீதியை உபதேசியார் சொன்னார். கில்பர்ட், "அடுத்த வருசமும் அவன் எங்க பிள்ளதான், எங்களுக்கு என்ன அவசரம்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். ஒருவர் மட்டும் விடவில்லை. பிறப்புத் திருநாளில் செத்த பிள்ளையின் தாய் கையில் பாலனைக் கொடுப்பது சரியில்லை, ஜனங்கள் முகம் சுளிப்பார்கள் என்றாராம். ஃபாதர் அவரைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மாதா மடியில கடைசியாக் கெடந்ததும் உசுரில்லாத பிள்ளதான்." அதோடு கூட்டம் முடிந்தது.

எல்லோரும் போன பிறகு நான் ஃபாதரிடம் போனேன். ஒரு மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தை எங்கே இருக்கும்? சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொன்னது வேறு. மோட்ச வாசலுக்கு வெளியே ஒரு இடம் என்றார்கள். குழந்தையைப் புதைத்த அன்றைக்கு ஃபாதர் தியானத்துக்கு வெளியூர் போயிருந்தார். மண் போட்டபோது உபதேசியாரும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

ஃபாதர் நான்கு மெழுகுதிரியையும் ஒவ்வொன்றாக அணைத்தார்.

"தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன் பெர்க்மான்ஸ். ஆனா தன் பிள்ளைய நம்ம கையில குடுத்தவரு, நம்ம பிள்ளைய வாங்க மட்டும் கைய மடக்கிக்குவாருன்னு என்னால நம்ப முடியல."

வெளியே உபதேசியார் வண்டியை முடுக்கிக்கொண்டு நின்றார். ஏறிக்கொண்டேன். பள்ளம் வந்த இடங்களில் அவர் சுற்றிக்கொண்டு போனார்.

டிசம்பர் 25, புதன். கிறிஸ்துமஸ்

இரவுப் பூசையில் 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கும்போது எல்லா விளக்கையும் அணைத்து, சுரூபம் குடிலை நெருங்கும்போது ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வருடா வருடம் சுவிட்ச் போர்டில் நிற்பது நான். இந்த முறை கில்பர்ட் நின்றார். எது எதற்கு என்று நான்கு தடவை சொல்லிக் கொடுத்திருந்தேன்.

வாசலில் உபதேசியார் சுரூபத்தை அமலி கையில் கொடுத்தார். துணியை அவளே சுற்றினாள். நான் மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டேன். மணி அடித்தது, விளக்கு அணைந்தது, நடந்தோம். இரண்டு பக்கமும் இருட்டில் ஆட்கள். நேற்று வரை மழையைப் பற்றிப் பேசியவர்கள். யார் முகம் சுளித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, என் திரி வெளிச்சத்தில் அவள் கை மட்டும்தான் தெரிந்தது. தலைப் பக்கம் கை கொடுத்துப் பிடித்திருந்தாள். அந்தக் கனம் எனக்குத் தெரியும். போன மாதம் நான் சுமந்தபோது அவள் படுத்திருந்தாள். இப்போது அவள் சுமக்க, என் கையில் திரி மட்டும் இருந்தது.

கில்பர்ட் தப்பான சுவிட்சைப் போட்டுவிட்டார். சீரியல் பல்பு எரியவில்லை, குடிலின் மஞ்சள் வெளிச்சம் வரவில்லை. சூசையப்பர் கையில் இருந்த லாந்தர் மட்டும் எரிந்தது. என் திரியை விட்டால் முழுக் கோயிலிலும் அது ஒன்றுதான் வெளிச்சம். அமலி அதைப் பார்த்து நடந்தாள்.

குடிலுக்கு முன்னால் வந்ததும் சுரூபத்தை வைக்கோலில் கிடத்த வேண்டும். அவள் கிடத்தவில்லை. நின்றாள். பாட்டு முடிந்தது. ஸ்டெல்லா பாடகர் குழுவிலிருந்து பார்த்துவிட்டு, முதலடியிலிருந்து மறுபடி எடுத்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஃபாதர் காத்திருந்தார். யாரும் இருமக்கூட இல்லை.

அமலி துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் பெயின்ட் கொஞ்சம் உரிந்திருக்கும், ஒவ்வொரு வருடமும் உபதேசியார் பூச நினைத்து மறப்பது. அந்த இடத்தை விரலால் தொட்டாள். துணியைச் சரிசெய்து நட்சத்திரத்தை மேலே கொண்டுவந்து, குனிந்து கிடத்தினாள். நிமிர முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் கில்பர்ட் எல்லா சுவிட்சையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். எல்லோர் முகமும் தெரிந்தது. முன் வரிசையில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இன்று வீட்டில் பலகாரம் சுடவில்லை. காலையிலிருந்து தெருவில் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். துக்கம் கேட்டார்கள். ஒருத்தர் விடாமல் எல்லோரும் கேட்டார்கள். அமலி எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

டிசம்பர் 28, சனி

மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள்.

காலைப் பூசை முடிந்து ஃபாதர் கல்லறைக்கு வந்தார். அவர் வருகிறேன் என்று சொன்னது நேற்றுத்தான். உபதேசியார் தீர்த்தச் செம்பை எடுத்துக்கொண்டார். அத்தையும் வந்தார். அமலி முதல் தடவையாக வருகிறாள்.

மேற்குச் சுவர் ஓரம். சிலுவை இல்லாத இடம், பெயர் இல்லாதவர்களை வைக்கும் இடம். மழைக்குப் புல் வளர்ந்து மண் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. எது என்று அமலி கேட்டாள். நான் புல்லை விலக்கிக் காட்டினேன். அன்றைக்கு அடையாளத்துக்கு வைக்க என் பையில் வேறு ஒன்றும் இல்லை. பழைய வீடுகளில் ஒயர் இழுக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்று கிடந்தது. அதைத் தலைமாட்டில் பதித்திருந்தேன். துருப்பிடிக்காது, மக்காது.

அமலி தரையில் உட்கார்ந்து அந்தப் பீங்கானின் மண்ணைத் துடைத்தாள்.

ஃபாதர் புத்தகத்தைத் திறந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி என்ன பெயர் என்று கேட்டார். பெயர் வைக்கவில்லை ஃபாதர் என்று அத்தை சொல்லத் தொடங்கினார்.

"செலின்," என்றேன்.

அன்றைக்கு மண் தள்ளும்போது வாய்க்குள் சொன்னது. சத்தமாகச் சொன்னது இன்றுதான்.

அமலி திரும்பிப் பார்த்தாள். "அன்னைக்கே வச்சுட்டீங்களா?"

"அன்னைக்கே."

"ரீட்டான்னுல்ல சண்ட போட்டீங்க."

"மொகத்தப் பாத்து முடிவு பண்ணலாம்னு சொன்னோம்ல. பாத்தேன். செலின்தான்."

அவள் சிரித்தாள் என்று எழுத முடியாது. தலையை ஆட்டினாள், நான்தான் ஜெயிப்பேன் என்று எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. அக்டோபரில் அப்படித்தான் ஆட்டுவாள். ஃபாதர் செலின் என்று சொல்லி ஜெபத்தைத் தொடர்ந்தார். நாங்கள் ஆமென் சொன்னோம்.

மாலையில் வீட்டு ஸ்டாரில் பல்பு போய்விட்டது. மாற்றினேன். ஏணியை அமலி பிடித்துக்கொண்டாள். ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் எரிய வேண்டும்.